ஆள்காட்டி கத்தியதும் ஓடிய காட்டுப்பன்றி

"தொப்! தொப்!"

கோரைப் புல்லுக்குள் கிழங்கு கிண்டிக்கொண்டிருந்த கிழட்டுக் காட்டுப்பன்றி காதை நிமிர்த்தியது.

"இது பந்துச் சத்தமா? எங்க காலத்துல பனங்காய வச்சு ஆடுவோம். 'மடார்'னு கேட்கும்! நெஞ்சுல வாங்குவோம். பல்லு உடையும். துப்பிட்டு ஆடுவோம்!"

புல்லை விலக்கிக்கொண்டு ஒரு முயல் மூச்சிரைக்க வந்தது. பந்தாட்டத்தில் குளத்துக் கட்சிக்கு அதுதான் தலைவன்.

"அண்ணே, எங்க முள்ளம்பன்றிக்குக் கால் சுளுக்கிருச்சு. பின்னால நின்னு தடுக்க ஆள் இல்ல. மலைக் கட்சியோட ஆட்டம். ஜெயிக்கிற கூட்டத்துக்குத்தான் இந்தக் கோடை முழுக்க சுனையில முதல் தண்ணி. தோத்தா நம்ம குட்டிகளுக்குச் சேறுதான்!"

"கூப்பிட வேண்டிய ஆளைத்தான் கூப்பிட்டிருக்கே! நடடா!"

வறண்ட குளத்தின் நடுவே ஆட்டம். இலவம்பஞ்சைக் கொடியால் சுற்றிய பந்தைப் பன்றி முகர்ந்து பார்த்தது. "பந்தா இது? தலகாணி!" என்றது. பன்றி லேசாக உரசியதற்கே மலைக் கட்சி மான்குட்டி ஒன்று உருண்டு புரண்டது. "போய் அம்மாகிட்டச் சொல்லு கண்ணு!" என்று பன்றி கிண்டலடித்தது.

அப்போது மலைக் கட்சிக் கடமான் முயலின் காலை மிதித்துவிட்டது.

"ட்டிட்டி-டுயிட்!"

மறுகணம் பன்றியைக் காணோம்! முள்ளுப் புதருக்கு வெளியே அதன் வால் மட்டும் நடுங்கிக்கொண்டிருந்தது.

"ஓடுங்கடா! ஆள் வர்றான்! வேட்டைக்காரன்!"

குளமே சிரித்தது. "பல்லத் துப்புற வீரரே, வால உள்ள இழுத்துக்குங்க!" என்று ஒரு குரங்கு கத்தியது.

முயல் புதரருகே வந்து மெல்லச் சொன்னது. "அண்ணே, அது ஆள்காட்டிக் குருவி. இப்ப அதுதான் நடுவர். ஆள் வர்றதச் சொல்லல. தப்புப் பண்ணின ஆளக் காட்டுது. அதுதான் விசில்!"

பன்றிக்கு முகம் தொங்கிவிட்டது. அதன் காலத்தில் நடுவரே கிடையாது. அந்தக் கத்தல் கேட்டால் உயிர் பிழைக்க ஓட வேண்டும், அவ்வளவுதான். பனங்காய் நெஞ்சில் விழுந்தபோதுகூட இப்படி வலித்ததில்லை. அப்படியே காட்டுக்குள் போய்விடலாமா?

"ஐந்து எண்ணுவேன்! வராவிட்டால் உங்களுக்கு ஓர் ஆள் குறைச்சல்!" என்றது குருவி.

நான்கு எண்ணும்போது பன்றி முள்ளை உதறிக்கொண்டு வெளியே வந்தது.

"இன்னொரு தடவ சிரிச்சுக்குங்க. இனிமே எது கத்தினாலும் நகர மாட்டேன்!"

ஆட்டம் முடியும் நேரம். இரு கட்சியும் சமம். கடமான் பந்தோடு பாய்ந்து வந்தது. மரத்திலிருந்த மலைப்பக்கத்து மைனா, குருவியின் குரலிலேயே கத்தியது. "ட்டிட்டி-டுயிட்!"

விசில் என்று நம்பிக் குளத்துப் பிள்ளைகள் எல்லாம் நின்றுவிட்டார்கள். பன்றியின் கண் புதர்ப் பக்கம் போனது. ஆனாலும் நகரவில்லை. வந்த பந்தை நெஞ்சில் வாங்கியது. பின்னாலேயே வந்த கடமானையும் வாங்கியது!

"நான் கத்தவில்லை! ஆடுங்கள்!" என்றது குருவி.

தெறித்த பந்தோடு முயல் பறந்தது. கோல்!

"அண்ணே, உங்க காலத்து ஆட்டம்னா இதுதானா?" என்று முயல் குதித்தது.

பன்றி வாயிலிருந்த மண்ணைத் துப்பியது. "நெஞ்சுல வாங்கினது அந்தக் காலம். புதர விட்டு வெளிய வந்தது இந்தக் காலம். ரெண்டும் என்னுதுதான்டா!"

குட்டிகள் சுனைக்கு ஓடின. பன்றி கோரைப் புல்லுக்குள் போய், விட்ட இடத்திலிருந்து கிழங்கு கிண்டத் தொடங்கியது.

அடியைத் தாங்குகிறவன் பலசாலி. ஊரே சிரித்த பிறகும் திரும்பி வந்து நிற்கிறவன் அவனைவிடப் பலசாலி.