அடிக்கதிரின் பச்சை

சலசலவென்று சத்தம் கேட்டது. மழை என்றுதான் மாசிலாமணி நினைத்தார். பனி விலகியபோது வயல் தெரிந்தது. காற்றில் கதிரோடு கதிர் உரசி, நெல் உதிர்ந்துகொண்டிருந்தது. குரு மங்கையம்மா முறத்தோடு குனிந்து, உதிர்ந்ததைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

கோடை முழுக்க மடத்து வாசலுக்குப் பசியோடு வருபவர்களுக்கு இந்த வயல்தான் கஞ்சி. அறுப்பு நாளைச் சொல்லும் பொறுப்பை, தன்னைவிட வயதில் மூத்த சீடரான மாசிலாமணியிடம் அம்மா விட்டிருந்தார்.

சில நாள் முன்பு அறுப்பு ஆட்களைக் கூட்டி வந்தவள் மாசிலாமணியின் மூத்த மகள் செங்கமலம். இளையவள் பிஞ்சிலேயே போய்விட, இருந்த இவளையும் விட்டுவிட்டு மடத்துக்கு வந்தவர் அவர்.

“கதிர் தலை சாஞ்சிருச்சுப்பா. அறுக்கலாமா?”

அவர் ஒரு கதிரை நிமிர்த்தி அதன் அடியைக் காட்டினார். “பச்சை மணி இருக்கு பாரு. பிஞ்சு மேல அரிவாள் வைக்க மாட்டேன்.”

“எந்தக் கதிருலதான் அடியில பச்சை இல்ல? அத்தனையும் வளர்த்துக் கல்யாணம் பண்ணி வைக்கப் போறியா?”

ஆட்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

அம்மாவும் சொல்லிப் பார்த்தார். “அறுக்கலாம், ஐயா.”

“இன்னும் கொஞ்ச நாள் போகட்டும், அம்மா.”

இரண்டு நாள் கழித்துச் செங்கமலம் மறுபடி வந்தாள். அதே பதில். வரப்பில் வெகுநேரம் நின்றாள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. ஆட்களைக் கூட்டிக்கொண்டு அக்கரை அறுப்புக்குப் போய்விட்டாள்.

இப்போது மாசிலாமணி வயலில் இறங்கினார். அம்மா முறத்தைக் கீழே வைத்துவிட்டு ஒரு கதிரை லேசாகத் தட்டினார். பழுத்த மணிகள் கொட்டி, மண் வெடிப்புக்குள் போயின. மிஞ்சியது அடியில் இருந்த பச்சை. அதை உருவி அவர் கையில் வைத்தார்.

மாசிலாமணி நசுக்கிப் பார்த்தார். உள்ளே ஒன்றுமில்லை. பதர்.

“இந்தக் கோடைக்குக் கஞ்சியில் தண்ணீர்தான்” என்றார் அம்மா.

“பச்சைக்கு இரங்கினேன். அது குற்றமா, அம்மா?”

“பச்சைக்கு நீங்கள் இருந்தீர்கள். பழுத்துக் காத்து நின்றதற்கு யார் இருந்தார்கள்?”

அக்கரையில் அறுப்பவர்களின் குரல் கேட்டது. மாசிலாமணி அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றார்.

அம்மா முறத்தை எடுத்துக்கொண்டு, விட்ட இடத்தில் குனிந்தார்.