பால் மறந்த மந்திரி

யாரு, பேச்சியா கல்லு மனசுக்காரி? செத்த நாயை நெனச்சு அழுத மனுசனைச் சபையில நிக்க வெச்சுட்டா, அதானே உங்க புகாரு? வால் பக்கத்துலருந்து கதையைக் கேட்டுட்டு வந்து தீர்ப்பு சொல்லக் கூடாது. தலையிலருந்து சொல்றேன், உக்காருங்க. புள்ளைங்களும் கேக்கட்டும்.

மனுசன் சொல்றது மிருகத்துக்கும், மிருகம் சொல்றது மனுசனுக்கும் பாதியாவது புரிஞ்ச காலம் அது. நெடுந்துறைன்னு ஒரு நாடு, செண்பக ராசான்னு ஒரு ராசா. அவரு ஒரு நாய் வளத்தாரு. வெள்ளை நாய், இடது கண்ணைச் சுத்தி மட்டும் கறுப்பு. அதுக்கு வெச்ச பேரு மந்திரி. ராசா "மந்திரி"ன்னு கூப்பிட்டா நாயும் ஓடி வரும், நெஜ மந்திரியும் ஓடி வருவாரு. நாய்தான் முதல்ல வரும்.

பதினாலு வயசுல அந்த நாய் செத்துப் போச்சு. ராசா மூணு நாள் சோத்தைத் தொடல. அழட்டும், அதுல தப்பே இல்ல. ஆனா அழுகுற வீட்டைத் தேடித்தானே ஏமாத்துறவனுங்க வருவானுங்க? வந்தான் ரெட்டைச்சாமின்னு ஒரு மந்திரவாதி. கையில ஒரு மண்பானை, பானை வாயில மஞ்சத்துணி, துணிக்கு மேல மூணு முடிச்சு.

"ராசா, மந்திரியோட முடி ஒண்ணு குடுங்க. பானையில போட்டு மந்திரம் சொல்றேன். அதே கண்ணு, அதே காது, அதே வாலு. அச்சு மாறாம வந்து நிக்கும்."

அவன் பேசி முடிக்கறதுக்குள்ள ராசா முடியைக் குடுத்துட்டாரு.

இப்பதான் பேச்சி வர்றா. கடைத்தெருவுல மீன் வெட்டுற பொண்ணு. மீன் தலை அத்தனையும் தெரு நாய்ங்களுக்குத்தான். விடிஞ்சா அவ அருவாமனையைச் சுத்தி ஒரு கூட்டமே நிக்கும். அதுல சிலுப்பின்னு ஒரு செவலப் பொட்டை. பேச்சி கையைத் தவிர வேற யாரு கையிலயும் திங்காது.

ரெட்டைச்சாமி வந்த வாரத்துல சிலுப்பியைக் காணோம். ஆத்தங்கரையில தேடுனா, இல்ல. குப்பைமேட்டுல தேடுனா, இல்ல. புளியந்தோப்புல நின்னு "தோ தோ"ன்னு தொண்டை கிழியக் கூப்பிட்டா. ஒரு குரைப்புகூட இல்ல. மீன் தலையும் மிஞ்ச ஆரம்பிச்சுது. ஒருநாள் உத்துப் பாத்தா, ஆண் நாய் எல்லாம் நிக்குது, பொட்டை ஒண்ணுகூட இல்ல.

"ஏக்கா, நாய் புடிக்கிறவன் ஆணு பொண்ணு பாத்தா புடிப்பான்?"னு பக்கத்துக் கடை ராக்காயிகிட்ட கேட்டா.

"வெறி நாய் புடிக்கிறவன் பாக்க மாட்டான்டி. குட்டி வேணும்கிறவன் பாப்பான்."

எவனோ குட்டிக்காகத்தான் புடிச்சிருக்கான்னு பேச்சிக்குப் பட்டுச்சு. ஆனா யாரு மேலன்னு விரலை நீட்டுறது?

நூறு நாள் போச்சு. ரெட்டைச்சாமி குட்டியோட சபைக்கு வந்தான். ஊரே கூடுச்சு, பேச்சியும் வந்தா. வெள்ளைக் குட்டி, இடது கண்ணுல கறுப்பு.

"பாருங்க ராசா. அதே கண்ணு, அதே காது, அதே வாலு."

ராசா கையை விரிச்சு "மந்திரி"ன்னாரு. குட்டி திரும்பிக்கூடப் பாக்கல. கெழட்டு மந்திரிதான் மூச்சு வாங்க ஓடி வந்து, "சொல்லுங்க ராசா"ன்னாரு. சபையே சிரிச்சுது. ராசா முகம் செத்துப் போச்சு.

"புதுசுல்ல ராசா," ரெட்டைச்சாமி சமாளிச்சான். "இப்பதான் பால் மறந்துச்சு. பழகிரும்."

எல்லாரும் தலையாட்டுனாங்க. பேச்சி ஆட்டல.

"சாமி, பால் மறந்துச்சுன்னீங்களே. யாரு பாலை?"

பானை மேல ஒரு முடிச்சு தானா அவுந்துச்சு.

"ஏ மீன்காரி, சபையில நாறாதே. தள்ளி நில்லு."

"நாறிக்கிட்டே கேக்கறேன். மண்பானைக்கு மடி உண்டா? யாரு பாலை மறந்துச்சு?"

ரெண்டாவது முடிச்சும் அவுந்துச்சு. ரெட்டைச்சாமி பானையை நெஞ்சோட அணைச்சுக்கிட்டான்.

"ராசா அழுததை நீ பாத்தியாடி? ஒரு மனுசன் சந்தோசமா இருந்தா உனக்குப் பொறுக்கலையா?"

பாத்தீங்களா? கேள்விக்குப் பதிலில்ல, கேட்டவளுக்கு வசவு.

"யாரு பாலை, சாமி?"

மூணாவது முடிச்சு அவுந்து துணி பறந்துச்சு. பானைக்குள்ள குட்டி வளந்ததே இல்லீங்க. அவன் திருடி வெச்ச குரைப்புதான் இருந்துச்சு. அத்தனையும் பீறிட்டு வெளிய போயி, அதது தொண்டையில சேந்துச்சு. மலைக்குப் பின்னாடியிருந்து நாப்பது நாய் ஒண்ணாக் குரைச்சுது. குட்டி காதைத் தூக்குச்சு, ஓட்டம் புடிச்சுது. பின்னாடியே பேச்சி, ராசா, ஊரு.

மலைக் குகையில நாப்பது பொட்டை நாய். எலும்பு துருத்தி, மடி வத்தி, கழுத்துல சங்கிலி. மந்திரி முடியை வெச்சு இதுங்க வயித்துலதான் குட்டி உண்டாக்கியிருக்கான். குரல் திரும்புனதும் சங்கிலி வைக்கோலா உதுந்துச்சு. குட்டி நேராப் போயி ஒரு செவல நாய் மடியில வாய் வெச்சுது. அது சிலுப்பி. பேச்சி கையை மோந்து பாத்துட்டு, அவ பாதத்து மேல தலையைச் சாச்சுது.

குகைக்குப் பின்னாடி, மந்திரி அச்சுல வராத குட்டிங்களை வீசுன குழி. கண்ணுல கறுப்பு மாறி விழுந்த குட்டி, காது மடிஞ்ச குட்டி, வாலு வளைஞ்ச குட்டி, மூச்சே வராத குட்டி. அதுல எத்தனை கிடந்துச்சுன்னு சொல்ல என் வாய் வரல.

ரெட்டைச்சாமி மந்திரம் சொல்ல வாயத் தொறந்தான். வெறும் பானையில ஊதுன மாதிரி 'ஊ'ன்னு காத்துதான் வந்துச்சு. இன்னைக்கும் வெறும் பானையில ஊதுனா அந்தச் சத்தம்தான்.

ராசா மண்டி போட்டாரு. குட்டியைத் தொட நீட்டுன கையை மடக்கிக்கிட்டாரு. "இது அவன் இல்ல."

"இல்ல ராசா. இது சிலுப்பி மகன்."

"நாப்பதுக்கும் இனிமே அரண்மனைச் சோறு. இந்த நாட்டுல எவனும் தெரு நாய் மேல கை வெக்கக் கூடாது. உனக்கு என்ன வேணும் பேச்சி, பாதி நாடு கேளு, தர்றேன். ஆனா எனக்கு இது தெரியாதும்மா. சத்தியமாத் தெரியாது."

பேச்சி எந்திரிச்சு நின்னா.

"நாடு வேணாம். நாளைக்குக் காலையில முரசறையச் சொல்லுங்க. சனம் பூரா வரட்டும், இந்த நாப்பது தாயும் முன்வரிசையில நிக்கட்டும். அவங்க மூஞ்சியப் பாத்து வாயத் தொறந்து சொல்லுங்க ராசா. தெரியாதா, இல்ல தெரிஞ்சுக்கணும்னு கேக்கவே இல்லையா?"