முடிச்சை அவிழ்த்தவரே வாங்கியவர்

என் பேர் சகாயம். வயசு இருபத்திரண்டு. இப்ப மஸ்கட்ல இருக்கேன். எங்க வீட்ல எல்லாரும் கேக்கணும்னு இந்தக் கதையை எழுதி அனுப்புறேன்.

முன்னொரு காலத்தில் ஒரு ராஜாவுக்கு வியாபார ஆசை பிடித்தது. அரண்மனை ஆட்கள் ஊர் ஊராகப் போய்ப் பொருளின் பெருமையைக் கூவுவார்கள். ஜனங்கள் கண்ணால் பார்க்காமலே வேண்டுமென்று சொல்லி அனுப்புவார்கள். கயிற்றால் முடிச்சுப் போட்ட பெட்டி வண்டியில் வந்து சேரும். கூவியது ஒன்று, வந்தது ஒன்று என்று பாதிப் பெட்டிகள் திரும்பி வந்தன.

"இனி ஒரு பெட்டிகூடத் திரும்பி வரக் கூடாது! நிபந்தனைகளை மாற்றி எழுதுங்கள்" என்றார் ராஜா.

கருவூல அதிகாரி நஞ்சுண்டர் எழுதினார்: 'முடிச்சை அவிழ்த்தவரே வாங்கியவர். விலை, உள்ளே இருக்கும் ஓலையில்.' ராஜா முத்திரை குத்திவிட்டார்.

அரசவை விகடகவி வாஞ்சியப்பனைக் கண்டாலே நஞ்சுண்டருக்கு வயிறு எரியும். வாஞ்சியப்பனின் மனைவி செங்கமலம் பட்டு மெத்தை கேட்டிருந்தாள். நஞ்சுண்டர் அனுப்பிய முதல் பெட்டி அவர்கள் வாசலுக்கே வந்தது.

"அருவாமனைய எடுத்தாரேன், அறுத்துருவோம்" என்று துள்ளினாள் செங்கமலம்.

வாஞ்சியப்பன் வெளியே பார்த்தான். இரண்டு காவலர்கள் அவன் வீட்டுச் சுவரைக் கயிறு பிடித்து அளந்துகொண்டிருந்தார்கள்.

"என்னய்யா அளக்குறீங்க?"

"சும்மாதான் சாமி. நீங்க முடிச்ச அவுத்துருங்க."

'ஐயோ, வீட்டுக்கே உலை வைக்கிறார்களே!'

"தொடாதேடி!" என்று கத்தி, பெட்டியைத் தூக்கிக்கொண்டு அரசவைக்கு ஓடினான்.

"மகாராஜா, புது நிபந்தனைப்படி வந்த முதல் பெட்டி. தங்கள் திருக்கரத்தால் அவிழ்த்தால்தான் மங்களம்."

ராஜா பூரித்துப் போய் முடிச்சில் கை வைத்தார்.

"வேண்டாம் மகாராஜா!" என்று அலறினார் நஞ்சுண்டர்.

"ஏன்?"

அதற்குள் முடிச்சு அவிழ்ந்தது. உள்ளே வைக்கோல் திணித்த கிழிந்த சாக்கு. மேலே ஓலை. வாஞ்சியப்பன் உரக்கப் படித்தான்:

"'விலை: வாங்கியவர் குடியிருக்கும் வீடு. அதை நஞ்சுண்டர் பெயருக்கு எழுதித் தர வேண்டும்.'"

ராஜா தூண்களைப் பார்த்தார், விதானத்தைப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது.

"என் அரண்மனையா? இந்தச் சாக்குக்கா? உள்ளே என்ன எழுதியிருக்கிறதென்று எனக்கு எப்படித் தெரியும்?"

"அதே கேள்வியைத்தான் மகாராஜா, பெட்டி வாங்கும் ஜனங்களும் கேட்பார்கள். நஞ்சுண்டரே, அந்தப்புரத்தையும் அளக்க ஆள் அனுப்புவீரா?"

நஞ்சுண்டர் தடாலென்று காலில் விழுந்தார். விழுந்தவரைப் பார்த்ததும் ராஜாவுக்குச் சிரிப்பு பொங்கியது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தன் கழுத்து முத்துமாலையைக் கழற்றி வாஞ்சியப்பனுக்குப் போட்டார்.

"நிபந்தனைகளை இனி நீ எழுது. விலையை முதலில் சொல்ல வேண்டும். பொருள் பிடிக்காவிட்டால் திருப்பி வாங்க வேண்டும். நஞ்சுண்டர் போய் ஊர் ஊராக அதைக் கூவட்டும்!"

இதைப் படிக்கிறவங்க யாரா இருந்தாலும், எங்கம்மாவுக்குச் சத்தமாப் படிச்சுக் காட்டுங்க. ஃபோன்ல எதையாவது வாங்குறப்ப 'சம்மதம்'னு அமுக்குறதுக்கு முன்னாடி என்ன எழுதியிருக்குன்னு கேட்டுக்கச் சொல்லுங்க.