உலகம்மாளின் நெஞ்சில் கேட்ட சத்தம்

"அம்மை, எனக்குப் பயமா இருக்கு" என்றார் பிரமநாயகம்.

குழல்வாய்மொழி அம்மை ஈரச் சேலையின் ஒரு முனையை அவர் கையில் கொடுத்தாள். மறுமுனை அவள் கையில் இருந்தது. இரண்டு பேரும் எதிரெதிரே நின்று முறுக்கினார்கள்.

குற்றாலத்து மலையடிவாரத்தில் அது சாரல் காலம். மேகம் அம்மையின் மடத்துக்குள்ளேயே வந்து உட்கார்ந்திருந்தது. தூண் இருக்கிற இடம் தெரியாமல் முட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. இந்த லட்சணத்தில் சேலை எப்படிக் காயும் என்று அம்மையிடம் யார் கேட்பது? தினமும் துவைத்தாள். தினமும் கொடியில் போட்டாள்.

அம்மைக்குப் பேர்தான் குழல்வாய்மொழி. அவள் வாயிலிருந்து நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் வாங்குவதற்குள் கேட்டவனுக்கு நரை விழுந்துவிடும். பிரமநாயகத்துக்கு ஏற்கெனவே விழுந்திருந்தது. தென்காசியில் பாத்திரக் கடை வைத்து, பேரன் பேத்தி எடுத்த மனுஷன், தங்கச்சி வயதுக்காரியைப் போய் குருவாகப் பிடித்திருக்கிறாரே என்று கடைத்தெருவில் சிரித்தார்கள். சிரிக்கிறவன் சிரிக்கட்டும் என்று அவர் வெள்ளிக்கிழமை தவறாமல் வந்துகொண்டிருந்தார். அவர் அவளை "அம்மை" என்பார். அவள் அவரை "அண்ணாச்சி" என்பாள்.

இன்றைக்கு வெள்ளிக்கிழமை இல்லை.

அவருடைய அம்மா உலகம்மாளுக்கு இருதயத்தில் ஒரு வால்வு கெட்டுப்போயிருந்தது. நெஞ்சைத் திறந்துதான் மாற்ற வேண்டும் என்று மதுரை டாக்டர் சொல்லிவிட்டார். சாயங்காலம் கார் வருகிறது. ராத்திரியே ஆஸ்பத்திரியில் சேர்க்கிறார்கள், மறுநாள் ஆபரேஷன். எண்பதை நெருங்குகிற உடம்பு. தாங்கும் என்றுதான் டாக்டர் சொன்னார். சொல்லும்போது அவர் பிரமநாயகத்தின் முகத்தைப் பார்க்கவில்லை.

அன்றிலிருந்து மனுஷனுக்குச் சோறு இறங்கவில்லை. கண்ணை மூடினால் பச்சைத் துணி போர்த்திய மேஜை வந்து நின்றது. போகாத கோயில் பாக்கி இல்லை. அம்மாவின் மணிக்கட்டில் ஊசி போட இடமில்லாத அளவுக்குக் கயிறு கட்டியாகிவிட்டது. ஒரு மந்திரம் சொல்லுங்கள், இல்லையென்றால் ஒரு சிட்டிகை திருநீறாவது கொடுங்கள், இந்தப் பயம் போனால் போதும் என்று கெஞ்சினார்.

அம்மை சேலையை உதறிக் கொடியில் போட்டாள்.

"அவுக என்ன சொல்லுதாக?"

"டாக்டரா?"

"உங்க அம்மா."

பிரமநாயகத்துக்கு அந்தக் கேள்வியில் கொஞ்சம் தெம்பு வந்தது. வீட்டில் அந்த விஷயத்தில் அவ்வளவு கவனம். காரியம் நல்லபடியாக முடிகிறவரை ஒரு கெட்ட வார்த்தை வாசல்படி தாண்டி உள்ளே வரக்கூடாது என்று அவரும் அவர் மனைவி செண்பகமும் பேசி வைத்திருந்தார்கள்.

ஆரம்பத்தில் அம்மா ஏதோ எடுத்தாள். "நான் இல்லாமப் போயிட்டா" என்று தொடங்கினாள். உடனே இவர், வாயில நல்ல வார்த்தை வரட்டும்மா என்று அதட்டினார். செண்பகம் ஓடிவந்து, அபசகுனமா பேசாதீங்க அத்தை என்று ஒரு கட்டிக் கற்கண்டை எடுத்து மாமியார் வாயில் போட்டாள். கெட்டதைச் சொன்ன வாயில் இனிப்பு விழுந்தால் சொன்னது பலிக்காதாம். அப்புறம் கட்டில் பக்கத்திலேயே ஒரு கிண்ணத்தில் கற்கண்டு நிரந்தரமாகக் குடியேறிவிட்டது. கிழவி வாயைத் திறந்தால் போதும், யாராவது ஒருத்தர் கட்டியோடு தயாராக நின்றார்கள். நல்லவேளை, சர்க்கரை வியாதி இல்லை.

"இப்ப ஒண்ணும் சொல்லுததே இல்லை. ரொம்பத் தைரியமா இருக்காக" என்றார் பிரமநாயகம்.

அம்மை அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு அடுக்களைக்குள் போனாள். போனவளை மேகம் மூடிக்கொண்டது. திரும்பி வரும்போது இடுப்பில் ஒரு பித்தளைக் குடம் இருந்தது. அதை அவர் முன்னால் வைத்தாள்.

பாத்திரக் கடைக்காரர் கை சும்மா இருக்குமா? தன்னையறியாமல் விரல் முட்டியால் ஒரு தட்டு தட்டினார். காதைச் சாய்த்தார். குடம் முனகியது.

"கழுத்துக்குக் கீழ கீறல் விட்டிருக்கு."

"பாத்தீகளா?"

"பாக்கணுமா? சத்தத்துலயே தெரியுதே."

"உங்க அம்மா நெஞ்சு என்ன சத்தம் போடுது, அண்ணாச்சி?"

பிரமநாயகம் ஸ்கேனில் வந்ததைச் சொல்ல ஆரம்பித்தார். எந்த வால்வு, ரத்தம் எந்தப் பக்கம் திரும்பிக் கசிகிறது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். அம்மை கையைக் காட்டி நிறுத்தினாள்.

"நீங்க கேட்டீகளா?"

அவர் கேட்டதில்லை.

"போய்க் கேளுங்க" என்று சொல்லிவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

பிரமநாயகம் இறங்கி நடந்தார். திருநீறு கேட்டு வந்தவரை வெறுங்கையோடு அனுப்பிவிட்டாளே என்று கொஞ்சம் கோபம்கூட வந்தது. பாதை பத்தடிக்கு மேல் தெரியவில்லை. ஒரு பஸ் விளக்கைப் போட்டுக்கொண்டு ஓசையே இல்லாமல் கடந்து போனது. எதிரே வந்த ஒருவர் முகத்தைத் துடைத்துக்கொண்டே மேகத்துக்குள் கரைந்தார். அம்மை உண்மையிலேயே அப்படிச் சொன்னாளா, தானே நினைத்துக்கொண்டோமா என்று அவருக்குக் குழப்பமாக இருந்தது. குடத்தின் முனகல் மட்டும் காதை விட்டுப் போகாமல் கூடவே வந்தது.

வீட்டுக்கு வந்தபோது மத்தியானம்தான். ஆனால் வெளிச்சம் விளக்கு வைக்கிற நேரத்து வெளிச்சம். செண்பகம் பிளாஸ்க்கையும் போர்வையையும் பையில் அடைத்துக்கொண்டிருந்தாள்.

உலகம்மாள் தன் அறையில் தலையணைகளை அடுக்கிச் சாய்ந்து கிடந்தாள். மல்லாந்து படுத்தால் அவளுக்கு மூச்சு முட்டும். முகம் சுவரைப் பார்த்திருந்தது. வாயில் கற்கண்டு கரைந்துகொண்டிருந்தது.

பிரமநாயகம் கட்டிலருகே நின்றார். நின்றுகொண்டே இருந்தார்.

எப்படிக் கேட்பது? மீசை முளைத்த நாளிலிருந்து அம்மாவைத் தொட்டதென்றால் தீபாவளிக்குக் காலில் விழும்போது தொட்டதுதான். அவருக்கு வெட்கமாக இருந்தது. கதவை மெல்லச் சாத்தினார்.

கொஞ்சம் சத்தம் கேட்டுக்கிடுதேன்ம்மா என்று எப்படியோ சொல்லிவிட்டார்.

அவளுக்கு ஒன்றும் புரிந்ததாகத் தெரியவில்லை. ஆனால் கொஞ்ச நாளாகவே யார் யாரோ வந்து கேட்டுவிட்டுப் போகிறார்கள். அந்தப் பழக்கத்தில் சுவரிலிருந்து இந்தப் பக்கம் திரும்பி, கையை விலக்கிக் கொடுத்தாள்.

அவர் தரையில் மண்டியிட்டார். தலையைச் சாய்த்து அவள் நெஞ்சில் காதை வைத்தார்.

முதலில் திருநீற்று வாசனையும் தைல வாசனையும்தான் வந்தன. பிறகு சத்தம் வந்தது. அவர் நினைத்த மாதிரி அது வெறும் துடிப்பாக இல்லை. ஒவ்வொரு துடிப்புக்கும் நடுவில் தண்ணீர் வழிகிற மாதிரி ஒரு இரைச்சல். சீசன் காலத்தில் ஊருக்குள்ளிருந்து கேட்டால் அருவி அப்படித்தான் கேட்கும். வெளியே ஓட்டின் மேல் சாரல் விழுந்துகொண்டிருந்தது. எது வெளியே, எது உள்ளே என்று கொஞ்ச நேரத்தில் பிரிக்க முடியவில்லை. சுவர் விலகிப் போயிற்று. கட்டில், காருக்குத் தயாராக நிற்கிற பை, மதுரை எல்லாம் எங்கேயோ போயின. இந்தச் சத்தத்தை முன்பே கேட்டிருக்கிறோமே என்று தோன்றியது. எப்போது என்று பிடிபடவில்லை.

அப்போது அந்த இரைச்சலுக்குள்ளிருந்தே ஒரு குரல் வந்தது.

"பிரமு, எனக்குப் பயமா இருக்குல."

அவருக்கு நாக்கு நுனியில் நல்ல வார்த்தை தயாராக இருந்தது. கை அதன்பாட்டுக்குக் கிண்ணத்துக்குப் போய்விட்டது. ஒரு கட்டியை எடுத்தும்விட்டது.

எடுத்ததைத் திரும்பக் கிண்ணத்தில் போட்டார்.

"சொல்லும்மா" என்றார்.

உலகம்மாள் சொன்னாள். அறுக்கும்போது தெரியுமா தெரியாதா என்று கேட்டாள். கண் முழிக்கும்போது பக்கத்தில் தெரிந்த முகம் ஒன்று இருக்குமா, இல்லை எல்லாரும் துணியால் வாயைக் கட்டிக்கொண்டு நிற்பார்களா என்று கேட்டாள். முழிக்காமலே போய்விட்டால் கண்ணாடிப் பெட்டியில் குளிரக் குளிரப் போட்டு வைக்க வேண்டாம், தனக்குக் குளிர் ஆகாது, சீக்கிரம் எடுத்துவிடுங்கள் என்றாள். அரக்குச் சேலையைக் கட்டிவிடச் சொன்னாள். செண்பகத்தைச் சத்தம் போடாதே, அவள் போட்ட கற்கண்டும் பாசத்தில் போட்டதுதான் என்றாள். உங்க அப்பா ஒரு வார்த்தை சொல்லாமல் தூக்கத்திலேயே போனாரே, அது மாதிரிப் போக எனக்கு இஷ்டமில்லை என்றாள்.

அவர் எதையும் தடுக்கவில்லை. அவர் கண்ணிலிருந்து வழிந்தது மூக்கைத் தாண்டி அவள் சேலையில் இறங்கியது. அவள் பார்த்தும் பாராதது மாதிரி பேசிக்கொண்டே இருந்தாள்.

பேசி முடித்தாள். இரைச்சல் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"எனக்கும் பயமா இருக்கும்மா" என்றார் பிரமநாயகம்.

அவள் நீளமாக ஒரு மூச்சு விட்டாள். அவர் தலை அந்த மூச்சோடு உயர்ந்து தாழ்ந்தது.

"நான் ஒருத்திதான்னுல்லா நெனச்சிட்டுக் கெடந்தேன்."

சொல்லிவிட்டு உலகம்மாள் கையை ஊன்றி, மெல்ல மெல்லச் சுவரோரமாக நகர்ந்து, கட்டிலில் இடம் விட்டாள்.

"மேல ஏறிப் படு. கார் வரட்டும்."