இரண்டு பலகை ஒன்றான கதை

ஒரு கால் தேவதாரு மரத்துக்கு இந்தப் பக்கம். இன்னொரு கால் அந்தப் பக்கம். நடுவில் மொந்தன் கரடியின் வயிறு மரத்தில் மோதி நின்றது. மிருகங்கள் எல்லாம் பேசிக்கொண்டிருந்த காலம் அது. அதனால் அவன் அலறியது மலை முழுக்கப் புரிந்தது.

கீழே குகையில் அவன் தங்கை சிமிட்டி குளிர்காலத் தூக்கத்தில் இருந்தாள். தூங்குகிற கரடியின் குகை வாசலைப் பனி மூடிவிடும். விழித்திருக்கிற கரடிதான் காலையும் மாலையும் மூச்சுத் துளை தோண்டிவிட வேண்டும். அது அந்த மலைக் கரடிகளின் வழக்கம். மொந்தன் காலையில் தோண்டவில்லை. பைன் கொட்டை தின்ன உச்சிக்குப் போனவன் மறந்துவிட்டான், அவ்வளவுதான். இப்போது பனி கொட்டுகிறது. இடுப்பளவு பனியில் நடந்தால் இருட்டுவதற்குள் போய்ச் சேர முடியாது.

அதனால்தான் தச்சன் கொண்டையனிடம் சறுக்குப் பலகை இரவல் வாங்கினான். கொண்டையன் ஒரு மரங்கொத்தி. ஓநாய்கள் பின்னங்கால்களில் கட்டிக்கொண்டு சறுக்குவதற்காக அவன் செய்த பலகைகள், காலுக்கு ஒன்று.

“நேரா நில்லுடா!” என்று கிளையிலிருந்து கத்தினான் கொண்டையன்.

“நேராத்தாண்ணே நிக்கிறேன். காலு ரெண்டும் சண்டை போட்டுட்டுத் தனித்தனியாப் போகுது!”

“இடது காலை உள்ளே இழு!”

“எது இடது?”

கொண்டையன் யோசித்தான். “நீ இப்போ எந்தப் பக்கம் பார்த்துட்டு இருக்கே?”

“தெரியலைண்ணே.”

மூன்று தடவை கிளம்பினான். மூன்று தடவையும் மரம். பொழுது சாய்ந்துவிட்டது. மொந்தனுக்கு அழுகை வந்தது. சண்டை போடுகிற இரண்டு பேரைக் கட்டிவைப்பது மாதிரி, இரண்டு பலகையையும் சேர்த்துக் காட்டுக்கொடியால் கட்டினான். பிடித்துக்கொள்ள முன்நுனியில் ஒரு கயிறு. ஏறினால், அவன் பாதத்தின் அகலத்துக்கு இரண்டு காலையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்க இடம் போதவில்லை. ஒன்றுக்குப் பின்னால் ஒன்றாகக் குறுக்கே வைத்தான். முகம் பக்கவாட்டில் திரும்பிவிட்டது.

“அண்ணே, நான் மேலே போறேனா, கீழே போறேனா?”

போனது பலகை மட்டும்தான். கால் வழுக்கி அவன் குப்புற விழுந்தான். நல்லவேளை, கயிறு கையில் இருந்தது. இழுத்துப் பிடித்து, மிச்சக் கொடியால் இரண்டு பாதத்தையும் பலகையோடு இறுக்கிக் கட்டினான்.

“காலைக் கட்டினா செத்துப்போவே! அவிழ்டா!”

“அவிழ்த்தா அவ செத்துப்போவா.”

கிளம்பிவிட்டான். குதிகாலில் சாய்ந்தால் ஒரு பக்கம் திரும்பியது, விரலில் சாய்ந்தால் இன்னொரு பக்கம். ஏன் என்று அவனுக்குப் புரியவில்லை. புரிந்துகொள்ள நேரமும் இல்லை. நிறுத்துவது எப்படி என்று யாரும் சொல்லித்தரவில்லை. குகை வாசல் பனியை உடைத்துக்கொண்டு தலைகீழாக உள்ளே போய் விழுந்தான்.

சிமிட்டி இருமினாள். ஒரு கண்ணைத் திறந்தாள். “காலையில நீ வரல.”

மொந்தன் அவள் மூக்கில் ஒட்டியிருந்த பனியைத் துடைத்தான். அவள் மூச்சு சீராகும்வரை பக்கத்திலேயே கிடந்தான்.

பின்னால் பறந்து வந்த கொண்டையன் வாசலில் உட்கார்ந்தான். “கொடியை அவிழ்த்து, ரெண்டு பலகையாத் திருப்பிக் கொடு.”

“சரிண்ணே.”

பனியில் ஸ்னோபோர்டில் சறுக்கிப் போகிறவர்கள் ஒரே பலகையில் இரண்டு காலையும் கட்டிக்கொண்டு பக்கவாட்டில் நிற்பது அன்றைக்குத் தொடங்கியதுதான். சிலர் இடது காலை முன்னே வைக்கிறார்கள், சிலர் வலது காலை. எது சரி என்று மொந்தனுக்கே தெரியாது. கொண்டையன் குளிர்காலம் முழுக்க வந்து வந்து கேட்டான். மொந்தன் அவிழ்க்கவே இல்லை.