நாற்பத்தொரு காலை

உயரே போகப் போகக் குளிரும். நூறு மீட்டர் ஏறினால் அரை டிகிரிக்குச் சற்றுக் கூடவே குறையும். பரிமளாவின் மூன்று வருஷ ஆராய்ச்சி இந்தக் கணக்கின் மேல்தான் நின்றது. அவள் கம்ப்யூட்டரில் உருவாக்கிய கணித மாதிரி, நீலகிரிக் காற்றின் வெப்பத்தை அடியிலிருந்து உச்சி வரை ஒரே நேர்கோடாகப் போட்டுக் காட்டியது. அவ்வளவு அழகான கோடு.

அதில் மண்ணள்ளிப் போட்டார் பெள்ளி. பள்ளத்திலும் மேட்டிலும் வைத்திருக்கும் வெப்பமானிகளைத் தினமும் விடியலில் பார்த்து எழுதுகிறவர் அவர். அவர் நோட்டில், அந்தக் குளிர்காலத்தின் நாற்பத்தொரு நாளில் மேட்டைவிடப் பள்ளம்தான் அதிகம் குளிர்ந்திருந்தது.

"மனுஷன் ரெண்டையும் இடம் மாத்தி எழுதியிருக்கார் சார்," என்றாள் பேராசிரியர் அருளப்பனிடம். "ஆய்வேட்டுல அந்த நாப்பத்தொரு நாளையும் நான் திருப்பிப் போட்டுட்டேன். அவரை வேலையை விட்டு எடுக்கச் சொல்லிக் கடிதமும் எழுதியாச்சு. நீங்க கையெழுத்துப் போட்டாப் போதும்."

அருளப்பன் கடிதத்தைப் படித்தார். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"நாளைக்கு விடியறதுக்குள்ள வா. பள்ளத்துலேர்ந்து மேட்டுக்கு நடப்போம்."

"கையெழுத்து சார்?"

"மேல போய்ப் போடறேன்."

மறுநாள் பள்ளத்து உருளைக்கிழங்குத் தோட்டம் உறைபனியில் வெளுத்துக் கிடந்தது. பெள்ளி முன்னமே வந்து நின்றார். விரல் விறைத்துப் பேனா பிடிக்க வரவில்லை. அக்குளில் கையை வைத்துச் சூடேற்றிக்கொண்டு எழுதினார். மைனஸ் ஒன்று. பரிமளாவுக்குப் பல் தந்தியடித்தது.

மூவரும் ஏறினார்கள். பாதி வழியில் அவள் குல்லாவைக் கழற்றினாள். மேட்டுக்கு வந்ததும் ஸ்வெட்டரையும்.

"நடந்த சூடு," என்றாள்.

அருளப்பன் வெப்பமானியைக் காட்டினார். ஏழு. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள். ஏழேதான்.

"ராத்திரி காத்தில்லாம வானம் தெளிஞ்சு இருந்தா, குளிரெல்லாம் தண்ணி மாதிரி வழிஞ்சு பள்ளத்துல தேங்கிடும் மேடம்," என்றார் பெள்ளி. "எங்க ஊர்ல எல்லாருக்கும் தெரியும். நீங்க கேக்கவே இல்லையே."

பரிமளா கூனிக் குறுகிப் போனாள். நல்லவேளை, கடிதம் போகவில்லை. அந்த நிம்மதியில் கண் கலங்கிவிட்டது. அருளப்பன் கடிதத்தைப் பையிலிருந்து எடுத்து நீட்ட, அவளே வாங்கிக் கிழித்தாள்.

இறங்கும்போது சொன்னாள்: "பெரிய பாவத்துலேர்ந்து என்னைக் காப்பாத்திட்டீங்க சார். ஆய்வேட்டுல முதல் நன்றி உங்களுக்குத்தான்."

"எனக்கெதுக்கு? நான் இன்னிக்கு ஒரு நாள்தான் குளிர்ல வந்தேன்."

"அப்போ பெள்ளி அண்ணனுக்கு. ஒரு பக்கம் முழுக்க எழுதறேன். என்ன எழுதட்டும் சார்?"

அருளப்பன் நடையை நிறுத்தவில்லை.

"அவர் எழுதினதை எழுது."