குழியின் அளவு

மாடிப்படியில் கால் வைத்ததும் அந்தச் சத்தம் கேட்டது.

காயும் காயும் மோதும் 'டக்'. ஒரு கணம் ஒன்றுமில்லை. பிறகு குழியின் வலைக்குள் காய் விழும் மெல்லிய ஓசை.

கல்லூரி விடுதியில் கடைசியாகக் கேட்ட சத்தம். முப்பது வருடத்துக்கு மேலாகிவிட்டது.

மணிவாசகம் படியிலேயே கொஞ்ச நேரம் நின்றார். பிறகு ஏறினார்.

மேலே ஒரே அறை. கோயம்புத்தூரில் வீடியோ கேம் செய்கிற சின்ன நிறுவனம் அது. ஜெசிந்தா மட்டும் தரையில் உட்கார்ந்து தனக்குத்தானே கேரம் ஆடிக்கொண்டிருந்தார். அவர் செய்த விளையாட்டுகளை ஆரம்பித்தவர்கள் சாப்பிட எழுந்திருப்பதில்லை என்று கேள்வி. வயது முப்பத்து நாலு. வந்தவருக்கு ஐம்பத்து மூன்று.

"வாங்க சார்."

"சார் எல்லாம் வேண்டாங்க. நான் கத்துக்க வந்திருக்கேன்."

"சரிங்க சார்."

அவர் எதிரே உட்கார்ந்தார்.

"மேடம், நான் செஞ்ச விளையாட்டை என் சம்சாரமே விளையாட மாட்டேங்குது. ஏன்?"

ஜெசிந்தா காய்களை அடுக்கிக்கொண்டிருந்தார். "சொல்லுங்க."

அவர் சொன்னார். செயலிகளை மக்கள் தடுமாறாமல் பயன்படுத்தும்படி வடிவமைப்பது அவர் வேலை. யூஎக்ஸ் என்பார்கள். பஸ் டிக்கெட் எடுக்க ஒன்பது தடவை தொட வேண்டியிருந்ததை மூன்றாகக் குறைத்தவர் அவர்தான். அவர் மனைவி பூங்கோதை பள்ளியில் தாவரவியல் ஆசிரியை. ஜனவரியில் பக்கவாதம் வந்தது. வலது கை விரல்கள் சொன்னபடி கேட்கவில்லை. தினமும் நாற்பது நிமிடம் பயிற்சி செய்தால் வரும் என்றார் மருத்துவர். ஜூனில் பள்ளி திறக்கும். அதற்குள் சாக்பீஸ் பிடிக்க முடியாவிட்டால் வேலையை விட்டுவிடப் போவதாகப் பூங்கோதை சொல்லிவிட்டார்.

"அதனால டேப்லெட்ல ஒரு விளையாட்டு செஞ்சு குடுத்தேனுங்க. பட்டாம்பூச்சியை ரெண்டு விரலால புடிச்சுப் பூ மேல வைக்கணும். கை நடுங்குச்சுன்னா பூ தானா பெருசாகும். அப்பவும் தவறுச்சுன்னா பூச்சியே போய் உக்காந்துக்கும். தப்பே நடக்காது."

"எத்தனை நாள் ஆடுனாங்க?"

"மூணு."

"என்ன சொன்னாங்க?"

"'அதுவே போய் உக்காருது. நான் எதுக்கு?'ன்னு கேட்டுச்சு."

ஜெசிந்தா ஸ்டிரைக்கரை அவர் பக்கம் தள்ளினார். "ரெட் காயைப் போடுங்க பாக்கலாம்."

நடுவில் சிவப்புக் காய். மணிவாசகம் குனிந்தார். ஒரு கண்ணை மூடினார். கோணம் பார்த்தார். விரல் நகத்தை ஸ்டிரைக்கரில் பதித்தார்.

ஜெசிந்தா கையை நீட்டிச் சிவப்புக் காயை எடுத்தார். குழிக்குள் போட்டார்.

"விழுந்திருச்சு. ஜெயிச்சுட்டீங்க."

"ஏனுங்க! நான் குறி பாத்துட்டு இருந்தேன்ல?"

"உங்களுக்கு எதுக்குச் சிரமம்னுதான் சார்."

மணிவாசகம் சிவப்புக் காய் இருந்த இடத்தையே பார்த்தார். பிறகு டீ வருவதற்குள் எழுந்து போய்விட்டார்.

எட்டு நாள் கழித்து மறுபடி வந்தார். சட்டை கசங்கியிருந்தது.

"நீங்க சொன்ன மாதிரியே செஞ்சேனுங்க."

"நான் ஒண்ணுமே சொல்லலையே?"

"சிரமம் வேணும்னு காட்டுனீங்க. எல்லாத்தையும் சிரமமாக்கிட்டேன். பூச்சி வேகமாப் பறக்குது. எழுத்தைச் சின்னதாக்குனேன். ஆரம்பிக்கிற பொத்தானை மூணு பக்கம் தள்ளி ஒளிச்சு வெச்சேன். தேடட்டுமே, விரலுக்கு நல்லதுன்னு."

"தேடுனாங்களா?"

"பத்து நிமிஷம். அப்புறம் டேப்லெட்டைக் கீழ வெச்சுட்டு, வலது கையை இடது கையில புடிச்சுக்கிட்டு என்னைப் பாத்துச்சுங்க. 'இந்தக் கைதான் என்னைப் பாடாப் படுத்துதுன்னு நெனச்சேன். நீங்களுமா?'ன்னு கேட்டுச்சு."

ஜெசிந்தா எழுந்து ஒரு துணியை எடுத்துவந்தார். கேரம் பலகையில் இருந்த பவுடர் முழுவதையும் அழுந்தத் துடைத்தார். மூலை முடுக்கெல்லாம் துடைத்தார். சிவப்புக் காயை நடுவில் வைத்தார்.

"போடுங்க."

மணிவாசகம் சுண்டினார். ஸ்டிரைக்கர் பாதி வழியில் நின்றுவிட்டது. மறுபடி சுண்டினார். நின்றது. மூன்றாவது தடவை நகம் வலித்து விரலை உதறினார்.

"பவுடர் இல்லாம எப்படிங்க ஆடறது?"

"குறி தப்புதா?"

"குறியா? அங்க போய்ச் சேரவே மாட்டேங்குது!"

ஜெசிந்தா பவுடர் டப்பாவைத் தட்டினார். உள்ளங்கையால் பலகை முழுவதும் பரப்பினார்.

இந்த முறை ஸ்டிரைக்கர் ஓசையில்லாமல் ஓடியது. சிவப்புக் காயைத் தொட்டது. காய் மூலையை நோக்கிப் போனது. குழியின் விளிம்பில் இடித்தது. திரும்பி வந்து நின்றது.

"ச்சே!" என்று தொடையில் அடித்துக்கொண்டார் மணிவாசகம். "நூலிழைங்க!"

ஜெசிந்தா மேசை இழுப்பறையிலிருந்து சின்ன ரம்பம் ஒன்றை எடுத்தார். குழியின் விளிம்பில் வைத்தார்.

"கொஞ்சம் பெருசா அறுத்துரட்டுங்களா சார்?"

மணிவாசகம் பாய்ந்து குழியை இரண்டு கையாலும் மூடினார்.

பிறகு உள்ளங்கையில் ஒட்டிய பவுடரைப் பார்த்தார்.

"போய்ட்டு வரேனுங்க" என்றார்.

"டீ?"

"இன்னொரு நாள்."

அன்று சாயங்காலம் பூங்கோதை டேப்லெட்டைத் தொட்டதும் பட்டாம்பூச்சி வந்து நின்றது. பெயர் கேட்கவில்லை. விளக்கம் சொல்லவில்லை. தேட ஒன்றுமில்லை. பூ மட்டும் சின்னதாக இருந்தது. கை நடுங்கியபோதும் சின்னதாகவே இருந்தது.

ஏழு தடவை தவறவிட்டார்.

"சனியன் புடிச்ச பூச்சி" என்றார். எட்டாவது தடவை விரலை நீட்டினார்.

"சோறு ஆறுது, வா" என்று கூப்பிட்டார் மணிவாசகம்.

"இருங்க. இது ஒண்ணு."

அவர் தட்டை மூடி வைத்தார்.

ஜூன் பத்தாம் தேதி பூங்கோதை பள்ளிக்குப் போனார். ஓய்வு பெறும்வரை எட்டு வருடம் வலது கையால்தான் கரும்பலகையில் எழுதினார். சுண்டுவிரல் மட்டும் கடைசிவரை மடங்கவே இல்லை.